டெவன்ஷயர் டியூக் குடும்பத்தைச் சாய்த்தது 1911 சட்டமா, 14 வாரமா?

கோட்டைவாசல் | மே 3, காலை 7.20

இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களின் கதை 1911 பார்லிமென்ட் சட்டத்தோடு முடிந்துவிட்டது என்பது என் கட்சி. பிரபுக்கள் சபையின் பிடி போனது, செல்வாக்கும் போனது. டெவன்ஷயர் டியூக் பட்டம் வைத்திருக்கும் கேவண்டிஷ் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1688ல் ஆரஞ்சு வில்லியமுக்கு (பிறகு இங்கிலாந்து மன்னரானவர்) அழைப்புக் கடிதம் எழுதிய 7 பேரில் ஒருவர் இந்த வீட்டுக்காரர். 1694ல் டியூக் பட்டம். 1756ல் ஒரு பிரதமர். பிறகு, பிரதமர் பதவி மூன்று முறை தேடி வந்தும் வேண்டாம் என்ற ஒருவர். 1911க்குப் பிறகு? குடும்ப வீடான சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு டிக்கெட் கிழிக்கிறார்கள்.

கூடவே ஒரு சந்தேகம். அந்த மூன்று முறை மறுத்தவர் லார்ட் ஹார்ட்டிங்டன். லார்ட் என்றால் பிரபுக்கள் சபையில்தானே உட்கார வேண்டும்? மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபையில் 34 வருஷம் அவருக்கு என்ன வேலை?

வில்லங்கச்சான்று | மே 3, காலை 8.05

சந்தேகம் முதலில். அப்பா உயிரோடு இருக்கும்வரை ஹார்ட்டிங்டன் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமகன். டியூக்கிடம் பட்டங்கள் அடுக்கடுக்காக இருக்கும். மேலே இருப்பதை அவர் வைத்துக்கொள்வார், அடுத்ததை மூத்த மகன் மரியாதைக்காகப் போட்டுக்கொள்வான். இந்த வீட்டில் மூத்த மகன் மார்க்வெஸ் ஆஃப் ஹார்ட்டிங்டன், அவருடைய மூத்த மகன் ஏர்ல் ஆஃப் பர்லிங்டன். இரவல் நகைதான். அதைப் போட்டுக்கொண்டு பிரபுக்கள் சபைக்குள் நுழைய முடியாது, தேர்தலில் நிற்கலாம். அவர் 1857ல் வடக்கு லங்காஷயரில் ஜெயித்தார், 1868ல் அங்கேயே தோற்றார், சில மாதங்களில் வேல்ஸில் ராட்னர் தொகுதி வழியாகத் திரும்பினார். 1891 டிசம்பரில் அப்பா இறந்த கணமே காமன்ஸ் இடம் காலி.

இளைய மகன்கள் விஷயத்தில்தான் எல்லோரும் தப்பு பண்ணுகிறார்கள். அவர்களுக்கு லார்ட் என்பது முதல் பெயரோடு வரும். 1882 மே 6 அன்று டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டவர் ஹார்ட்டிங்டனின் தம்பி லார்ட் ஃபிரெடெரிக் கேவண்டிஷ். சுருக்கினால் 'லார்ட் ஃபிரெடெரிக்'. 'லார்ட் கேவண்டிஷ்' என்று எழுதினால் அது வேறு ஆள். பெண்களுக்கும் அதே கணக்கு. லேடி டாரதி கேவண்டிஷ் 1920ல் பட்டம் ஏதுமில்லாத ஹெரால்ட் மேக்மில்லனை (பின்னாளில் பிரதமர்) கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகும் லேடி டாரதிதான், மேக்மில்லன் என்பது பின்னால் ஒட்டிக்கொண்டது.

உங்கள் 1911 கட்சிக்குச் சாயங்காலம் வருகிறேன். டிக்கெட் விஷயம் மட்டும் இப்போதே: சாட்ஸ்வொர்த்தைப் பார்க்க ஜனம் வருவது புதுசே இல்லை. 1849ல் பக்கத்து ஊர் ரவுஸ்லி வரை ரயில் வந்ததும் அந்த ஒரு வருஷத்திலேயே 80,000 பேர் போனார்கள்.

மார்ஜின் | மே 3, பகல் 1.40

டெர்பிஷயரில் குடியிருந்துகொண்டு டெவன்ஷயர் டியூக் என்று ஏன் பெயர்? யாரோ குமாஸ்தா 'டெர்பி' என்பதை 'டெவன்' என்று எழுதிவிட்டான் என்று ஒரு கதை ஓடுகிறதே.

வில்லங்கச்சான்று | மே 3, இரவு 9.10

குமாஸ்தா பாவம், அவரை விட்டுவிடுங்கள். டெர்பி பட்டம் 1485லிருந்து ஸ்டான்லி குடும்பத்திடம் இருந்தது, கிடைக்க வழியில்லை. டெவன்ஷயர் பட்டத்தைக் கடைசியாக வைத்திருந்த சார்லஸ் பிளவுண்ட் 1606ல் முறைப்படி வாரிசில்லாமல் இறந்தார். காலியாகக் கிடந்ததை 1618ல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் கேவண்டிஷ் குடும்பம் எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் பட்டம் விலைக்கு வரும். இதற்கு 10,000 பவுண்டு கொடுத்ததாகச் சொல்வார்கள். ஊருக்கும் பட்டத்துக்கும் சம்பந்தம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நிலம் வந்த கதை வேறு. சர் வில்லியம் கேவண்டிஷ் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது கணக்குப் பார்த்த அதிகாரி. 1549ல் 600 பவுண்டுக்குச் சாட்ஸ்வொர்த்தை வாங்கினார். வாங்க வைத்தது மனைவி பெஸ் ஆஃப் ஹார்ட்விக், அது அவள் பிறந்த மாவட்டம். அவள் நாலு கல்யாணம் செய்தவள், ஒவ்வொரு கல்யாணத்திலும் சொத்து கூடியது. 1590களில் அவள் கட்டிய ஹார்ட்விக் ஹாலின் கோபுர உச்சியில் ஈ, எஸ் (எலிசபெத் ஷ்ரூஸ்பரி) என்று தன் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் வெட்டி வைத்தாள். இன்றும் கீழிருந்து அண்ணாந்து படிக்கலாம்.

இப்போது 1911. அந்தச் சட்டம் பிரபுக்கள் சபைக்குச் செய்தது இரண்டு. பண மசோதாவைப் பிரபுக்கள் சபை ஒரு மாதத்துக்கு மேல் பிடித்துவைக்க முடியாது; மற்ற மசோதாக்களை இரண்டு வருஷம் தாமதப்படுத்தலாம், கொல்ல முடியாது. அதனால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கூடக் குறையவில்லை. பதவியும் குறையவில்லை. 9ஆம் டியூக் 1916 முதல் 1921 வரை கனடாவின் கவர்னர் ஜெனரல், 1922ல் காலனி மந்திரி. கென்யாவில் ஆப்பிரிக்கர் நலனே முதன்மை என்று 1923ல் வந்த அறிக்கை அவர் பெயரில்தான் வழங்குகிறது. 10ஆம் டியூக் போர்க்காலத்தில் இந்தியா, பர்மா துறையின் துணை மந்திரி. 11ஆவரை 1960ல் மந்திரியாக்கியது அத்தை புருஷன் மேக்மில்லன். இதைவிடப் பெரிய சொந்தக்காரச் சலுகை இருக்க முடியாது என்று 11ஆம் டியூக்கே பிற்பாடு சொல்லிச் சிரித்தார்.

குடும்பத்தை நிஜமாகக் கடித்தது 1911 இல்லை, 1894. அந்த வருஷம் நிதி மந்திரி வில்லியம் ஹார்கோர்ட் கொண்டுவந்த மரண வரி, அதாவது ஒருவர் இறந்ததும் அவர் சொத்தின் மேல் விழும் வரி. தொடக்கத்தில் உச்ச விகிதம் 8 சதவீதம். 1949ல் 80.

கோட்டைவாசல் | மே 4, காலை 6.50

வரி யாருக்கும்தான் வந்தது. அதற்கு முன் 300 வருஷம் சொத்து சிதறாமல் எப்படி நின்றது? சூதாட்டத்தில் அள்ளி விட்ட ஜார்ஜியானாவும் (5ஆம் டியூக்கின் மனைவி) இதே வீட்டு மருமகள்தானே. நம்ம ஊர் ஜமீன்கள் ஒரு தலைமுறைச் சீட்டாட்டத்துக்கே தாங்கவில்லை.

வில்லங்கச்சான்று | மே 4, இரவு 10.30

செட்டில்மென்ட் பத்திரம். நம்ம சார்பதிவாளர் ஆபீசில் எழுதுவதற்கு ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் பல்லு அதிகம். நடக்கும் விதம் இது.

தாத்தா எழுதிய பத்திரப்படி அப்பாவுக்கு ஆயுள் பாத்தியதை மட்டும். வாடகையும் குத்தகையும் அனுபவிக்கலாம், விற்க முடியாது. மூத்த மகனுக்கு அதற்கடுத்த உரிமை. மகனுக்கு 21 வயது ஆகும் நாளில்தான் ஆபத்து: அன்றைக்கு அப்பாவும் மகனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் பழைய கட்டு அவிழ்ந்துவிடும். அந்த ஓட்டையையே பூட்டாக்கினார்கள். மகனிடம் கைச்செலவுக்குக் காசு இருக்காது. 'வருஷத்துக்கு இவ்வளவு படி தருகிறேன், இந்தப் புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு' என்பார் அப்பா. புதுப் பத்திரத்தில் மகனும் ஆயுள் பாத்தியதைக்காரனாக இறங்குவான், இன்னும் பிறக்காத பேரனுக்கு அடுத்த உரிமை போகும். 25, 30 வருஷத்துக்கு ஒருமுறை இதே சடங்கு. எந்தத் தலைமுறையிலும் முழுச் சொந்தக்காரன் என்று ஒருவன் இருக்கமாட்டான்.

கடன்காரனுக்கு இதில் என்ன கிடைக்கும்? அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை வரும் வருமானம்தான். நிலத்தில் கை வைக்க முடியாது. ஜார்ஜியானாவின் கடன் அவளை வாட்டியது, மண்ணைத் தொடவில்லை.

கோளாறு எங்கே என்றால், ஒவ்வொரு பத்திரத்திலும் விதவைக்கு ஆண்டுப் படி, இளைய பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பங்குத்தொகை எழுதிவைப்பார்கள். அத்தனையும் நிலத்தின் மேல் ஏறும். நாலு தலைமுறைக்குப் பிறகு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் முழம் முழமாக வரும். நிலம் பெரிது, கையில் காசில்லை. 6ஆம் டியூக் பிரம்மச்சாரி, அவருக்குப் பிள்ளைகுட்டிச் செலவில்லை, அதை எல்லாம் சேர்த்து வைத்துத் தோட்டத்திலும் புத்தகத்திலும் சிலையிலும் கொட்டினார். 1845ல் யார்க்ஷயரின் லண்டஸ்பரோ எஸ்டேட்டை ரயில்வே முதலாளி ஜார்ஜ் ஹட்சனுக்கு 470,000 பவுண்டுக்கு விற்றுத்தான் மூச்சு விட்டார். ஆயுள் பாத்தியதைக்காரனே விற்கலாம், பணம் மட்டும் டிரஸ்டிகளிடம் போகவேண்டும் என்ற பொது அனுமதி 1882 சட்டத்தில் வந்தது.

பச்சைப்பழம் | மே 5, காலை 9.15

6ஆம் டியூக் என்றதும் நான் வந்துவிட்டேன். உலகம் பூராவும் கடையில் தொங்கும் கேவண்டிஷ் வாழை இவர் பெயர்தான். மொரீஷியஸிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கன்று, சாட்ஸ்வொர்த் கண்ணாடிக் கூடத்துக்கு வந்தது. தோட்டத் தலைவர் ஜோசப் பாக்ஸ்டன் அதை 1835ல் பூக்க வைத்தார். நம்ம பச்சைநாடன் இதன் வம்சம்தான்.

மார்ஜின் | மே 5, காலை 11.02

பச்சைநாடன் இல்லை. அது வேறு கூட்டம். கேவண்டிஷ் வம்சம் என்றால் மோரிஸ், ரொபஸ்டா, தேனிப் பக்கம் போடும் ஜி9. மோரிஸ் என்ற பெயரிலேயே மொரீஷியஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள்.

பச்சைப்பழம் | மே 5, பகல் 12.30

சரி, ஒத்துக்கொள்கிறேன். பச்சை என்று பார்த்ததும் கை முந்திவிட்டது.

பாக்ஸ்டனை விடவேண்டாம். 1844ல் ரஷ்ய ஜார் நிக்கலஸ் வருவார் என்று ஆறே மாதத்தில் எம்பரர் நீரூற்றைப் போட்டார். பம்ப் கிடையாது. மேட்டில் 8 ஏக்கர் ஏரி வெட்டி, அங்கிருந்து இரும்புக் குழாயில் தண்ணீரை இறக்கினார். அந்த இறக்கத்து அழுத்தத்தில் மட்டுமே 296 அடிவரை எழும்பியது. வால்வை மெதுவாகத் திறக்கவேண்டும். சட்டென்று திறந்தாலோ மூடினாலோ உள்ளே ஓடும் தண்ணீரின் எடை மொத்தமும் குழாயில் மோதி இணைப்பைப் பிளந்துவிடும். காற்று பலமாக அடித்தாலும் நிறுத்தவேண்டும், இல்லையென்றால் நீரூற்று தோட்டத்துக்கு மழையாகிவிடும். ஏரியில் இருப்பதுதான் கணக்கு, கோடையில் வற்றினால் ஊற்றும் குட்டை. 1893ல் இதே தண்ணீரைச் சுழலியில் விட்டு வீட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள்.

ஜார் இங்கிலாந்துக்கு வந்தார். சாட்ஸ்வொர்த்துக்கு வரவில்லை.

கோட்டைவாசல் | மே 5, இரவு 8.45

தேர்தல் பக்கம் திரும்புகிறேன். டெர்பிஷயர் தொகுதி குடும்பச் சொத்து மாதிரி இருந்ததே. 1944 இடைத்தேர்தல்வரை அங்கே யாரும் அவர்களை அசைக்கவில்லை என்றால் அதுவும் 1911க்கு எதிரான சாட்சிதான். என் கட்சியை நானே பாதி விட்டுவிட்டேன்.

மார்ஜின் | மே 6, காலை 7.30

மிச்சப் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு டெர்பிஷயரில் முதல் உடைப்பு 1918. சார்லஸ் வைட் என்ற லிபரல், டியூக்கின் மைத்துனர் ஏர்ல் ஆஃப் கெர்ரியைத் தோற்கடித்தார். 1923ல் அன்றைய ஹார்ட்டிங்டன் மீட்டார், 1938ல் 10ஆம் டியூக் ஆனார். அடுத்து வந்தது அவர் சகோதரியின் கணவர் ஹன்லோக். அவர் 1944ல் விலகியதும், டியூக்கின் மூத்த மகன், 26 வயது வில்லியம் ஹார்ட்டிங்டன் நின்றார். எதிரே அதே சார்லஸ் வைட்டின் மகன், பெயரும் அதே சார்லஸ் வைட். மகன் வைட் 4,561 ஓட்டில் ஜெயித்தார்.

இதற்கெல்லாம் முந்தைய தினுசு யார்க்ஷயரின் நேர்ஸ்பரோ தொகுதி. அங்கே ஓட்டு ஆளுக்கு இல்லை, குறிப்பிட்ட சில பழைய வீட்டுமனைகளுக்கு. மனையில் பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் இரண்டு எம்பி கையில். கேவண்டிஷ்கள் வாங்கினார்கள். 1832 சீர்திருத்தம் வரை பிரச்சாரச் செலவே இல்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் அப்படி வாங்கக்கூடிய தொகுதி இல்லை, ஓட்டர் ஆயிரக்கணக்கில். அதனால்தான் 1784ல் விக் கட்சித் தலைவர் ஃபாக்ஸுக்காக ஜார்ஜியானா தெருவில் இறங்கினாள். வாக்குப்பதிவு 40 நாள். கசாப்புக் கடைக்காரருக்கு முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினாள் என்று கேலிச்சித்திரம் குவிந்தது. முத்தம் நிஜமோ இல்லையோ, கணக்கு நிஜம்: ஹூட் 6,694, ஃபாக்ஸ் 6,234, ரே 5,998. இரண்டு இடம், ஃபாக்ஸ் 236 ஓட்டில் உள்ளே வந்தார். அவளுக்கே ஓட்டு கிடையாது.

வில்லங்கச்சான்று | மே 6, இரவு 11.15

தலைப்பில் இருக்கும் 14 வாரத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. நானே எழுதுகிறேன்.

1908ல் 8ஆம் டியூக் (நம் ஹார்ட்டிங்டன்) பிள்ளையில்லாமல் இறந்தார். மரண வரி வந்தபின் இந்த வீட்டில் முதல் சாவு அது. 5 லட்சம் பவுண்டுக்கு மேல் வரி. 9ஆம் டியூக், இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் அச்சிட்ட புத்தகங்களையும், 1603 ஹாம்லெட் பிரதி அடங்கிய நாடகத் தொகுப்பையும் அமெரிக்கப் புத்தகச் சேகரிப்பாளர் ஹண்டிங்டனுக்கு விற்றார். போருக்குப் பிறகு லண்டன் பிக்கடிலியில் இருந்த டெவன்ஷயர் ஹவுஸும் போனது. 1897ல் விக்டோரியாவின் வைர விழாவுக்கு மாறுவேட விருந்து நடந்த அதே வீடு. 1924ல் இடித்துவிட்டார்கள்.

10ஆவர் உஷாரானார். வழி எளிது: சாகும் முன் மகனுக்குக் கொடுத்துவிடு. ஆனால் கொடுத்தபின் குறிப்பிட்ட காலம் உயிரோடு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கொடுத்தது செல்லாத மாதிரி வைத்து வரி போடுவார்கள். அந்தக் காலம் 3 வருஷமாக இருந்ததை 1946 நிதிச் சட்டம் 5 ஆக்கியது. அவர் மாற்றிக்கொடுத்ததும் 1946தான். 1944 மே 6 அன்று கேத்லீன் கென்னடியை (அமெரிக்க ஜனாதிபதியானவரின் தங்கை) மணந்த வில்லியம், அதே செப்டம்பரில் பெல்ஜியத்தில் குண்டடிபட்டு இறந்திருந்தார். வாரிசு இப்போது இளையவர் ஆண்ட்ரூ (பிறகு 11ஆம் டியூக்).

1950 நவம்பர் 26. ஈஸ்ட்போர்னில் காம்ப்டன் பிளேஸ் தோட்டத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த 10ஆம் டியூக் மாரடைப்பில் விழுந்தார். வயது 55. ஐந்து வருஷம் முடிய 14 வாரம் பாக்கி. சுமார் 260 வாரத்தில் 246 ஓடியாகிவிட்டது. பழைய 3 வருஷ விதி இருந்திருந்தால் ஒரு பைசா வராது. வந்தது 80 சதவீதம்.

இந்த வரியில் நாசம் விகிதம் மட்டும் இல்லை, மூன்று விஷயம் சேர்ந்தது. வரி ரொக்கமாகக் கேட்கும், சொத்து நிலமாக இருக்கும். அவசரமாக விற்றால் விலை விழும். விற்காமல் இழுத்தால் வட்டி ஏறும். ஆண்ட்ரூவின் ஆட்கள் செய்தது: ஸ்காட்லாந்து டம்ஃப்ரீஸ்ஷயர் நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர் விற்பனை. ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி மாதிரிப்படம், மெம்லிங் முப்பலகை ஓவியம், கிளாட் லொரெய்னின் வரைபடப் புத்தகம் என்று உச்சிப் பொருள்கள் அரசாங்கக் காட்சியகங்களுக்கு. கடைசியில் பெஸ் கட்டிய ஹார்ட்விக் ஹாலையே வரிக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார்கள். 1959ல் அது பழைய வீடுகளைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் போனது. கணக்கு முடிய 1967, வட்டிப் பாக்கியும் தீர 1974.

என் அபிப்பிராயம்: ஹார்ட்விக்கைக் கொடுத்ததுதான் சாட்ஸ்வொர்த்தைக் காப்பாற்றியது. இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டும் ஏலத்துக்கு வந்திருக்கும்.

பச்சைப்பழம் | மே 7, காலை 6.40

குடும்ப இலச்சினை வாசகம் லத்தீனில், 'எச்சரிக்கையால் பத்திரம்' என்று பொருள். விறகு வெட்டாமல் இருந்திருக்கலாம்.

கோட்டைவாசல் | மே 7, காலை 8.00

80 சதவீதம் போனபிறகும் இன்று சாட்ஸ்வொர்த்தில் அதே குடும்பம் இருக்கிறதே, எப்படி? டிக்கெட்டில் மட்டுமா?

வில்லங்கச்சான்று | மே 7, இரவு 9.50

1981ல் வீட்டை அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். வீடு, தோட்டம், பூங்காவுக்கு 99 வருஷக் குத்தகை. அறக்கட்டளைக்கு முதலீடு வேண்டும், அதற்குப் பூசான் ஓவியம் ஒன்று விற்றார்கள். 1984ல் பழைய ஓவியர்களின் கோட்டோவியம் 71 கிறிஸ்டீஸில் ஏலம் போய் 2.1 கோடி பவுண்டு வந்தது. 2012ல் ரஃபேல் வரைந்த ஒற்றைத் தலை மட்டும் 2.97 கோடி. குடும்பம் தாங்கள் குடியிருக்கும் பகுதிக்கு அறக்கட்டளைக்குச் சந்தை வாடகை கொடுக்கிறது. இது பெருந்தன்மை இல்லை. கொடுத்த சொத்தை இலவசமாக அனுபவித்தால் 'கொடுத்தும் கையில் வைத்திருக்கிறாய்' என்று வரித்துறை பிடிக்கும். அடிக்கடி இடறும் இடம் அதுதான்: அப்பா வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு அதே மாடியில் வாடகையில்லாமல் இருப்பார். பத்திரம் சரி, பழக்கம் தப்பு. 1986க்குப் பிறகு காலக்கெடு 7 வருஷம், 1988லிருந்து விகிதம் 40.

இன்னொரு வாய்ப்பு, தேச முக்கியத்துவம் உள்ள பொருளை நாட்டிலேயே வைத்து, பராமரித்து, பொதுமக்கள் பார்க்க வழிவிட்டால் வரி தள்ளிவைக்கப்படும். விற்றால் அன்றைக்கு வந்து நிற்கும்.

ஆண்ட்ரூவின் மனைவி டெபரா மிட்ஃபோர்டு 1977ல் தொடங்கிய பண்ணைக் கடை தனி. 1.3 ஏக்கர் கூரைக்கு ஈயத்தகடு மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இறைச்சியும் ஜாமும் அதற்குத்தான்.

மார்ஜின் | மே 8, காலை 10.20

இரண்டு சின்னத் திருத்தம். எஸ்டேட் கிராமத்தை எல்லோரும் 'எடென்சர்' என்கிறார்கள், ஊர்க்காரர் வாயில் அது 'என்சர்'. கேத்லீன் கென்னடி கல்லறை அங்கேதான், 1963 ஜூனில் அண்ணன் கென்னடி வந்து பார்த்தார். அடுத்தது, இணையத்தில் சாட்ஸ்வொர்த் என்று தேடித் தமிழ்ப் பெயர்களாக வந்தால் குழம்பவேண்டாம், அது தென்னாப்பிரிக்கா டர்பனில் இருக்கும் சாட்ஸ்வொர்த்.

கோட்டைவாசல் | மே 8, பகல் 2.15

1911ஐ வாபஸ் வாங்குகிறேன். 1894, 1946 என்று மாற்றி எழுதிக்கொள்கிறேன். பிக்கடிலி வீட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

வில்லங்கச்சான்று | மே 8, இரவு 7.30

வாசல் இருக்கிறது. இரும்புக் கதவும் தூணும், தூண் மேல் ஸ்ஃபிங்ஸ். தெருவைத் தாண்டிக் கிரீன் பார்க் ஓரத்தில் நட்டிருக்கிறார்கள். உள்ளே போக வீடு இல்லை, பின்னால் புல்தரைதான். ஒயின் பாதாள அறை கிரீன் பார்க் ஸ்டேஷன் டிக்கெட் கூடமாகப் போனது. நீங்கள் முதல் பதிவில் சொன்ன டிக்கெட் அங்கே கிழிக்கப்பட்டது.